கோடி போகும் நாளின் அளவு

நான் வேலை செய்கிற ஏரி ஆய்வு நிலையத்தில், காலையில் முதலில் வந்து சேர்கிறவர் மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் நேராகப் படகுத்துறைக்குப் போக வேண்டும். அங்கே நட்டிருக்கும் அளவுகோலில் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து, உள்ளே வந்து நோட்டில் எழுதி, பக்கத்தில் தன் பெயரையும் எழுத வேண்டும். பார்த்தவர் பேராசிரியராக இருக்கலாம், தரை துடைக்க வருகிற அம்மாளாக இருக்கலாம். யார் பார்த்தாரோ அவர் பெயர். சுவீடனின் வடக்கே இருக்கும் இந்த ஊருக்கு வந்த முதல் வாரம் அந்த நோட்டைப் புரட்டியபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு எதிரே கட்டம் காலியாக இருந்தது. எனக்குக் கை அரித்தது. சனிக்கிழமை ஓர் எண், திங்கட்கிழமையும் அதே எண். நடுவில் ஞாயிறு மட்டும் என்ன பாவம் செய்தது என்று அந்த எண்ணையே பென்சிலால் எழுதி வைத்தேன். புதிதாக வந்தவன் பொறுப்பானவன் என்று நாலு பேர் நினைக்கட்டும் என்ற ஆசையும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

நிலையத்தின் பொறுப்பாளர் பிர்கித்தா என்ற ஐம்பது வயது அம்மாள். நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்திருந்தாயா?"

"இல்லை."

"பிறகு எப்படிப் பார்த்தாய்?"

"பார்க்கவில்லை. ஆனால் அதுவாகத்தான் இருக்கும்."

"இருக்கலாம்," என்று ஒப்புக்கொண்டார். ரப்பரை எடுத்து அழித்தார். பிறகு, ஃபீகாவுக்கு நேரமாகிவிட்டது, வா என்றார். ஃபீகா என்றால் இங்கே காபி குடிக்கிற இடைவேளை. அதைத் தவறவிடுவதுதான் இந்த நாட்டில் பெரிய குற்றம். அவர் முகத்தில் கோபத்தைத் தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. நம் ஊரில் காலிக் கட்டம் என்றால் பள்ளிக்கூடத்தில் பிரம்படி, ஆபீசில் மெமோ. அதனால் எதையாவது போட்டு நிரப்பிவிடுவது நமக்கு ரத்தத்தில் ஊறியது. பார்க்காததைப் பார்க்கவில்லை என்று விட்டுவைக்க இவர்களுக்கு எங்கிருந்து இந்தத் துணிச்சல் வந்தது என்று யோசித்துக்கொண்டே காபி குடித்தேன். அன்றைக்கே எனக்கு எங்கள் ஊர் ஏரியின் அளவு பார்க்கிற ஞானம்மாவின் நினைவு வந்தது. வந்ததை ஒதுக்கிவிட்டேன்.

உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற பாதையில் எங்கள் ஊர். எழுபதுகளின் நடுவில் ஒருநாள் டவுன் பஸ்ஸிலிருந்து ஏரிகளை ஆராயும் லார்ஸ் என்ற சுவீடன் நாட்டு வெள்ளைக்காரர் இறங்கினார். கூடவே மெட்ராஸ் கல்லூரி ஒன்றில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கும் என் பேராசிரியர். உறையும் ஏரிகள் உள்ள நாடுகளும் வறளும் ஏரிகள் உள்ள நாடுகளும் சேர்ந்து, ஒரே விதமாக, ஒரே நேரத்தில், வருஷக்கணக்கில் தங்கள் ஏரிகளைக் கவனித்து எழுதுவது என்று அவர்கள் பேசி வைத்திருந்தார்கள். தண்ணீர் எவ்வளவு, மீன் எத்தனை வகை, கோடையில் கரைக்கு எந்தப் பறவை வருகிறது என்று எல்லாம். இதன் பலன் தெரிய நாற்பது வருஷம் ஆகும், அப்போது நான் இருக்க மாட்டேன் என்று லார்ஸ் ஏதோ நல்ல சேதி சொல்வதுபோலச் சிரித்துக்கொண்டே சொன்னார். பி.எஸ்சி. முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த என்னை உதவியாளனாகச் சேர்த்துக்கொண்டார்கள். உபரித் தண்ணீர் வழிந்தோடும் கலங்கலை ஒட்டி, படிக்கட்டின் ஓரத்தில், எனாமல் தகடு பதித்த அளவுகோல் நட்டார்கள். தினமும் காலையில் அதைப் பார்த்து எழுத ஓர் ஆள் வேண்டியிருந்தது.

ஊர்க்காரர்கள் இரண்டு பேரை முதலில் வைத்தோம். ஒருவர் தூறல் போட்டால் வர மாட்டார். இன்னொருவர் ஒரு வாரத்து எண்களைத் திங்கட்கிழமையே எழுதிவிடுவார். அப்புறம்தான் ஞானம்மா. காலனியில் மாதா கோயில் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவர். எங்கள் கழனிக்கே நடவுக்கும் களையெடுப்புக்கும் வருபவர். கணவர் லாரியில் லோடு ஏற்றப் போகிறேன் என்று போனவர், திரும்பி வரவில்லை. இப்போது எழுதும்போது 'அவர்', 'வந்தார்' என்று எழுதுகிறேன். அன்றைக்கு என்னைவிட ஏழெட்டு வயது மூத்த அந்தப் பெண்ணை நான் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். வா, போ என்றுதான் பேசினேன். அது தப்பு என்று எனக்கு மட்டுமல்ல, ஊரில் எவருக்கும் தோன்றியதில்லை.

என் அப்பாவை நைனா என்போம். ஏரிப் பூசையை முன்னின்று நடத்துவது எங்கள் வீடு. ஞானம்மாவை வைக்கப் போகிறேன் என்றதும் நைனா வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "வெச்சுக்கோ, எனக்கு இன்னா. தெனம் கரைமேல நடந்து போவட்டும். கோடி போற நாளு மட்டும் கலங்கலாண்ட வரக்கூடாது. இப்பவே சொல்லி வெச்சிடு."

ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாகத் தண்ணீர் வழிவதைத்தான் எங்கள் பக்கத்தில் கோடி போவது என்பார்கள். ஐப்பசி கார்த்திகையில் மழை நன்றாகப் பெய்தால் கோடி போகும். அன்றைக்கு மேளம், பொங்கல், கிடா வெட்டு. மூன்று நாள் பூசை முடிகிறவரை காலனி ஆட்கள் கலங்கல் பக்கம் கால் வைக்கக் கூடாது என்பது வழக்கம். இதில் உள்ள வேடிக்கையை நான் அன்றே பார்த்திருக்க வேண்டும். ஓர் ஏரியின் வருஷத்தில் விஞ்ஞானிகளுக்கு மிகவும் வேண்டிய அளவு, அது நிரம்பி வழிகிற நாளின் அளவுதான். அந்த நாளில் மட்டும் அளவு பார்க்கிற ஆள் அங்கே வரக் கூடாது.

முதல் வருஷம் கோடி போன காலையில் ஞானம்மா வழக்கம்போல நோட்டோடு வந்துவிட்டார். நான் சொல்லி வைக்க மறந்திருந்தேன். நைனா பார்த்துவிட்டார். அவர் போட்ட சத்தத்தில் மேளக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். ஞானம்மா நோட்டை மாரோடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். என் கையில் தாம்பாளம் இருந்தது, தேங்காயும் பூவும் கற்பூரமுமாக. அளவுகோல் எனக்குப் பத்தடி தூரத்தில் இருந்தது. நான் தாம்பாளத்தைப் பார்த்தேன். அவர் திரும்பிப் போய்விட்டார். சாயங்காலம் எங்கள் மாட்டுக் கொட்டகைப் பக்கம் வந்து நின்றார்.

"இன்னிக்கி கோலப் பாக்க வுடல சார். இன்னா எயுதறது?"

"ஏரிதான் ரொம்பிடுச்சே. கலங்கல் ஒயரம் ரெண்டு மீட்டர் பத்து. அதையே எழுது."

"அது கல்லோட ஒயரம். தண்ணி அதுக்கு மேல ஒரு மொயம் போய்க்கினு கீது."

"நீதான் கலங்கல்கிட்டயே போகலையே. எப்படித் தெரியும்?"

"எங்க பக்கம் துணி தொவைக்கிற படி கீதே. மொதப் படி முயுகினா கோல்ல ஒண்ணு தொண்ணூறு. ஒரு படிக்கு இருவது. நாலாவது மேப்படி முயுகினா ரெண்டு அம்பது. தெனம் ரெண்டையும் பாத்துக்கினுதான வரேன். காலைல மேப்படி தெரியவே இல்ல."

"படியெல்லாம் கணக்குல வராது. சொன்னத எழுது."

எழுதினார். ஆனால் எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக 'மேல்படி முழுகிவிட்டது' என்றும் எழுதியிருந்தார். நோட்டில் கண்டதையும் எழுதாதே என்று சொல்லி நானே ரப்பரால் அழித்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் கோடி போகிற மூன்று நாளும் இரண்டு மீட்டர் பத்து. அவர் என்னைக் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. நானாவது போய்ப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். பத்தடிதான். ஆனால் நைனாவுக்கும் ஊருக்கும் முன்னால் குனிந்து அந்தக் கோலைப் பார்த்தால், காலனிப் பொம்பளை வேலையை நான் செய்ததாக ஆகிவிடும். இதைத் தவிர வேறு காரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஒரு நாள்கூட விடுபடாத நோட்டு என்று லார்ஸ் எங்கள் ஏரியைப் போகிற நாட்டிலெல்லாம் புகழ்ந்தார். அந்தப் புகழில்தான் எனக்கு சுவீடனில் மேற்படிப்பும் இந்த நிலையத்தில் வேலையும் கிடைத்தன. காய்ச்சல் என்றாலும் நடவு என்றாலும் பொழுது விடியக் கரைமேல் நடந்தது ஞானம்மா. மீனம்பாக்கத்தில் விமானம் ஏறியது நான். எண்பதுகளின் தொடக்கம் அது. கிளம்பும்போது, இனி மாதம் ஒருமுறை தாளில் நகல் எடுத்துக் கல்லூரிக்குக் கொடுத்துவிடு, அவர்கள் எனக்கு அனுப்புவார்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். தவறாமல் அனுப்பினார். பனிக்காலத்தில் பகல் மூன்று மணிக்கே இருட்டிவிடுகிற இந்த ஊரில், அவருடைய குண்டு குண்டான எண்களை விளக்கடியில் வைத்துப் பார்ப்பது எனக்கு ஊருக்குப் போய் வருவது மாதிரி இருந்தது. ஒரு வருஷம் கார்த்திகை மாதத் தாள் நனைந்து காய்ந்து சுருங்கி வந்தது. கோடி போன நாளில் இரண்டு மீட்டர் பத்து. மறுநாளிலிருந்து எண்கள் தடதடவென்று இறங்கியிருந்தன. பாசனத்துக்கு மதகைத் திறந்திருப்பார்கள் என்று நானே முடிவு செய்து வரைபடத்தில் குறித்தேன். அதே வாரம் அம்மாவின் கடிதமும் வந்திருந்தது. தங்கைக்கு வந்த வரன், பசு கன்று போட்டது, இதற்கெல்லாம் நடுவில் ஒரு வரி: ஏரி அந்தப் பக்கம் உடைந்துவிட்டதாம், நம் பயிருக்கு ஒன்றும் இல்லை, காலனியில் சில வீடுகள் போய்விட்டன. படித்தேன். ஞானம்மாவின் தாள் சரியான நாளில் வந்துவிட்டதால் அவர் வீடு போயிருக்காது என்று எடுத்துக்கொண்டேன். மதகு என்று எழுதியதைத் திருத்தவும் இல்லை.

லார்ஸ் இறந்து இரண்டு வருஷம் கழித்து, எல்லா நாட்டுக்காரர்களும் இங்கே கூடினார்கள். ஜப்பானியர், ஹங்கேரிக்காரர், கென்யாவிலிருந்து ஒருவர். சுவர் முழுக்க அவரவர் ஏரியின் வரைபடத்தை மாட்டினோம். வருஷம் எப்போது தொடங்குகிறது என்பதிலேயே அரைநாள் சண்டை. பனி உருகும்போது என்றார்கள் சுவீடன்காரர்கள்; ஐப்பசியில் என்றேன் நான். சிரித்துப் பேசி ஒரு வழிக்கு வந்தோம். அப்போது பிர்கித்தா எங்கள் ஏரியின் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார்.

"இதன் தலையை மட்டும் யாரோ கத்தியால் வெட்டிவிட்ட மாதிரி இருக்கிறதே. எல்லா வருஷமும் ஒரே உயரம். கோல் முழுகிவிடுகிறதா?"

"இல்லை. அன்றைக்குத் திருவிழா."

"ஓ, விடுமுறை. நாங்களும் கிறிஸ்துமஸுக்கு வர மாட்டோம். காலியாக விட்டிருக்கலாமே?"

"அவர் வந்தார். போக விடவில்லை."

"யார் விடவில்லை? தண்ணீர் ஆபத்தாக இருக்குமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் நைனா விடவில்லை என்று அத்தனை நாட்டுக்காரர்களுக்கு முன்னால் எப்படிச் சொல்வது? "ஆமாம், ஆபத்து," என்றேன். பிர்கித்தா சட்டென்று மூச்சை உள்ளே இழுத்தார். கண்டுபிடித்துவிட்டார் என்று எனக்குப் பதறியது. இந்த வடக்குப் பக்கத்தில் 'சரி' என்பதையே மூச்சை இழுத்துத்தான் சொல்வார்கள் என்பது வந்து நாலு வருஷம் ஆகியும் நேரத்துக்கு நினைவு வருவதில்லை. அவர் என்னை நம்பிவிட்டார். 'வெள்ள அபாயத்தால் அணுக இயலவில்லை' என்று படத்தின் கீழே ஒட்டவும் செய்தார்.

அந்தத் துண்டுச் சீட்டைப் பத்து நாள் தினமும் கடந்து போனேன். பதினோராம் நாள் அவர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். காலனி என்றால் என்ன என்று சொல்லவே அரைமணி நேரம் ஆயிற்று. சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன், போட்டிருந்தால் தேவலை. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, அந்த நாட்களின் அளவு எல்லாவற்றையும் நீக்க வேண்டும், உச்ச அளவு இல்லாத ஏரியை மற்ற ஏரிகளோடு ஒப்பிட முடியாது, அதனால் அது கூட்டு ஆய்விலிருந்து வெளியே போகும் என்றார். அப்படியானால் ஞானம்மாவின் வேலையும் போகும். அவர் துவைக்கிற படியில் வேறு ஓர் அளவு பார்த்து வந்தார் என்றேன். பிர்கித்தா திரும்பினார். "அதை எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறாரா? அப்படியானால் அதுவே போதும். போய்க் கொண்டு வா."

கார்த்திகையில் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. கலங்கலிலிருந்து வரும் கால்வாய்க்கு அந்தப் பக்கம் காலனி. கணுக்கால் தண்ணீரில் இறங்கிக் கடந்தேன். முப்பது வயதில் முதன்முறையாக ஞானம்மாவின் வீட்டு வாசலில் நின்றேன். புது ஓலைக் குடிசை. தலை பாதி நரைத்திருந்தது. உட்காரச் சொல்வதா வேண்டாமா என்று அவர் தடுமாறினார். நான் தரையில் உட்கார்ந்ததும் இன்னும் தடுமாறினார்.

"படி அளவா? வெச்சிருந்தேன் சார். வருசா வருசம் கோடி போறப்பல்லாம் வூட்டுச் செவுத்துல கரியால எயுதி வெச்சேன். நீதான் நோட்ல எயுதாதன்னியே."

"அந்தச் சுவர்?"

"ஏரி ஒடஞ்சப்ப வூடே பூட்ச்சி. மண்ணு செவுருதான, கரஞ்சிட்ச்சி. உன் நோட்ட மட்டும் தலமேல வெச்சிக்கினு ஓடியாந்தேன். அது நனஞ்சா நீ பேஜாராய்டுவேன்னு."

அந்த நோட்டில் இருந்தது நான் எழுதச் சொன்ன பொய். சுவரில் இருந்தது நிஜம். ஏரி உடைந்த அன்று காலையில் மேல்படிக்கும் மேலே தண்ணீர் ஏறியதைப் பார்த்து, கலங்கலுக்குப் போய்ச் சொல்லலாம் என்று ஓடியிருக்கிறார். பூசை நடக்கிறது, அப்புறம் வா என்று கரையிலேயே நிறுத்திவிட்டார்கள். துவைக்கிற படிகளும் இப்போது இல்லை. கரையை மறுபடி கட்டியபோது மண்ணுக்குள் போய்விட்டன. வேலை போய்விடும் என்பதை எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. சொல்லிவிட்டேன்.

"எத்தினி வருசம் சார். ஒரு நாளு தவறாம போனேன். வருசத்துல மூணு நாளு. அதுக்கா? அந்த மூணு நாளும் நான் வந்தேனே. தொரத்துனாங்க."

ஆமாம் என்றேன். இந்த முறை கோடி போகும்போது என்னோடு வாருங்கள், நான் பக்கத்தில் நிற்கிறேன், யார் தடுக்கிறார்கள் பார்க்கலாம் என்றேன். அப்போதுதான் அவரை முதல்முறையாக வாங்க என்று கூப்பிட்டேன். அவர் அதைக் கவனித்த மாதிரித் தெரியவில்லை.

"நீ ஏரோப்ளேன் ஏறிப் பூடுவ. நான் மக்யா நாளும் அந்தக் கரைமேலதான் நடக்கணும். வோணாம் சார்."

இரண்டு நாளில் ஏரி கோடி போயிற்று. மேளம் வந்தது, கிடா வந்தது. நைனா கைத்தடியோடு முன்னால் நின்றார். தாம்பாளத்தை என்னிடம் நீட்டினார்கள். வாங்காமல் செருப்பைக் கழற்றிவிட்டுப் படிக்கட்டில் இறங்கினேன். தண்ணீர் தொடைவரை இழுத்தது.

"டேய், பூச நடக்குது. அங்க இன்னாடா பண்ற?"

"அளவு பாக்கறேன் நைனா."

"அது அந்தப் பொம்பள வேலடா."

"அவங்கள நீங்க வரவுடறதில்லையே."

வயசாகிவிட்டது நைனாவுக்கு. வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளையை ஊர் முன்னால் வைவதா என்று யோசித்திருக்கலாம். மேளத்தை அடிக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் குனிந்து எனாமல் தகட்டைப் பார்த்தேன். அலை அடங்குகிறவரை மூன்று முறை பார்த்தேன். இரண்டு மீட்டர் ஐம்பத்தெட்டு. போன வருஷங்களுக்கு இது ஈடாகாது. பிர்கித்தாவுக்கும் இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. பத்தடி தூரத்தில் இருந்ததைப் பார்க்க எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று என்று நினைத்தபோது அழுகை வந்தது. முகம் ஏற்கெனவே நனைந்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

ஈர வேட்டியோடு கரையிலிருந்து இறங்கிக் கால்வாய் ஓரமாக ஓடினேன். முந்தாநாள் கணுக்கால் அளவு இருந்த இடத்தில் தண்ணீர் இடுப்புக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் ஞானம்மா கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். கையில் பிளாஸ்டிக் பையில் நோட்டு. கத்தினேன். தண்ணீர் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. விரலைக் காட்டினேன். முதலில் இரண்டு. பிறகு கையை முழுதாக விரித்து ஐந்து. பிறகு இரண்டு கையுமாக எட்டு. அவர் குனிந்து எழுதினார். எழுதியதை என் பக்கம் தூக்கிக் காட்டினார். அவ்வளவு தூரத்தில் என்ன தெரியும், ஆனாலும் தலையாட்டினேன். இரண்டடி எடுத்து வைத்து அவரிடம் போகப் பார்த்தேன். அவர் பதறிக் கையை வீசினார். போ, போ, திரும்பிப் போ என்று மறுபடி மறுபடி வீசினார். எனக்குப் பின்னால் நைனாவின் மேளம் கேட்டது. மேளம் கேட்ட பக்கம் மட்டும்தான் எனக்குத் தரை இருந்தது. போனேன்.